ஏழு கொக்குகள்

கொக்கை வைப்பதற்கு முன்னால் வானம் காய்ந்திருக்க வேண்டும். சனிக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்தவர்கள் எல்லோரும் நோட்டில் முதலில் எழுதிக்கொள்வது இதைத்தான். எண்ணெய் வண்ணம் லேசில் காயாது. ஈர வானத்தின்மேல் வெள்ளையை வைத்தால் அது அடியில் இருக்கும் நீலத்தையும் இழுத்துக்கொண்டு வரும். கொக்கு சேற்றில் விழுந்து எழுந்து வந்ததுபோல் நிற்கும். ஆகவே வானம், மலை, தண்ணீர், கரையோரப் புல் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரு வாரமோ பத்து நாளோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

அப்படி உட்காருவது பல்லம்மாவுக்குப் பெரிய விஷயமாக இருக்கவில்லை. பல்லம்மா என்பது வகுப்பில் வைத்த பெயர். வைத்தவர் ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் செட் செய்து தரும் லேபில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. பிளாஸ்டர் இறுகும்வரை காத்திருக்க வேண்டும், மெழுகு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமை அவளுக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வந்த குணம். அவள் செய்த பற்கள் ஊரில் எத்தனையோ வாய்களில் சிரிக்கின்றன, சண்டை போடுகின்றன, பொய் சொல்கின்றன. ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. பல்லில் பெயர் எழுதினால் அதை யார் வாயில் மாட்டிக்கொள்வார்கள்?

வீட்டில் பிரஷ் என்றால் அது கணவருடையது. கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் முப்பது வருடம் பெயர்ப் பலகை எழுதியவர் அவர். அவர் எழுத்தின் வால் தனியாகத் தெரியும். கோட்டை முடித்துப் பிரஷை எடுக்கும்போது விரல்களுக்கு நடுவில் அதை ஒரு சுழற்றுச் சுழற்றுவார்; வால் ஊசிபோல் கூராகி நுனியில் துளி மேலே எழும்பி நிற்கும். பக்கத்துத் தெரு மருந்துக்கடையிலிருந்து அவளுடைய லேப் வாசல்வரை அந்த வாலைப் பார்க்கலாம். வீட்டில் ஒரு வாழ்த்து அட்டையில் 'அன்புடன்' என்று எழுதுவதானால்கூடப் பேனா அவர் கைக்குத்தான் போகும். அவள் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பது குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அதற்குக் காரணம் உண்டு. அவள் பிறவியிலேயே இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடித்து அடித்து எழுதுவதை மட்டும் வலது கைக்கு மாற்றினார்கள். மற்ற எதையும் அவர்களால் மாற்ற முடியவில்லை. லேபில் மெழுகுக் கத்தியும் இடது கையில்தான், வீட்டில் காய் நறுக்கும் கத்தியும் இடது கையில்தான்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவள் ஓவிய வகுப்பில் சேரப்போவதாகச் சொன்னபோது கணவர் சிரித்தார்.

"வீட்லயே ஒருத்தன் முப்பது வருஷமா பிரஷைப் பிடிச்சுட்டு இருக்கான். நானே சொல்லித் தர மாட்டேனா?"

"நீங்க சொல்லித் தந்தா அது உங்களோடதா போயிடும். எனக்குன்னு ஒண்ணு வேணும்."

"சரிம்மா, உனக்குன்னே இருக்கட்டும்."

"என் படத்துல நீங்க கை வைக்கக் கூடாது. ஒரு புள்ளிகூட."

அவர் போலீஸ்காரரைப் பார்த்த திருடனைப்போல இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். "தொட மாட்டேன். சத்தியம். போதுமா?"

போதும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

வகுப்பு, பிரேம் போடும் கடைக்கு மேலே, மாடியில் நடந்தது. டீச்சருக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது. யாருடைய கேன்வாஸிலும் அவள் கை வைக்க மாட்டாள். ஸ்வெட்டர் பின்னும் ஊசி ஒன்றை வைத்துக்கொண்டு, படத்தில் படாமல் ஒரு விரல் தள்ளி நீட்டிக் காட்டுவாள். தப்பையும் சரியையும் வாயால் மட்டும்தான் சொல்வாள். வானம் பல்லம்மாவுக்குச் சுலபமாக வந்தது. மலையும் வந்தது. தண்ணீரின் சிற்றலைகளை அவள் இழுத்த விதத்தைப் பார்த்து டீச்சரே மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். பறவை என்று வந்ததும்தான் எல்லாம் கெட்டது.

"பறவையை வரையாதீங்க பல்லம்மா. பறவை அங்க இருக்குங்கறதுக்கு ஒரு அடையாளம் வைங்க, போதும்."

"கண்ணு வேண்டாமா டீச்சர்?"

"அவ்வளவு தூரத்துல அது உங்களைப் பார்க்கப் போறதில்ல. நீங்க எதுக்கு அதோட கண்ணைத் தேடுறீங்க? உடம்புக்கு ஒரே இழுப்பு. றெக்கைக்கு ஒண்ணோ ரெண்டோ. அமுக்கி வெச்சு, இழுத்து, எடுத்துடணும். திரும்பிப் போய்த் தடவக் கூடாது."

பல்லம்மாவுக்குத் தடவாமல் இருக்க முடியாது. பல் செட்டில் ஒரு முனை பிசிறாக இருந்தால் அது யாரோ ஒருவரின் ஈறைக் கிழிக்கும். இருபத்தாறு வருடம் வழவழப்பாக்கியே பழகிய கை. கொக்கையும் அது வழவழப்பாக்கியது. சோப்புக் கட்டியில் செய்த கொக்குகள் வானத்தில் மிதந்தன.

அதைவிட மோசம் இடைவெளி. தூரத்துப் பறவை சிறிதாக இருக்க வேண்டும், வான நிறத்தோடு கொஞ்சம் கரைந்திருக்க வேண்டும், இரண்டு சேர்ந்து ஒன்று தள்ளி என்று ஒழுங்கில்லாமல் பறக்க வேண்டும். அவளுடைய கொக்குகள் சம இடைவெளியில், ஒரே உயரத்தில், அழகாக வளைந்து நின்றன. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "டீச்சர், இது கொக்குக் கூட்டம் இல்ல. மேல்வரிசைப் பல் செட்டு. ஓரத்துல கோரைப் பல்லுகூட இருக்கு, பாருங்க."

வகுப்பே சிரித்தது. பல்லம்மாவும் சிரித்தாள். உண்மையாகவே கோரைப் பல் இருந்தது.

மூன்று படங்கள் இப்படிப் போயின. நான்காவது படம், சாயங்காலத்து ஏரி. வானத்தைப் பன்னிரண்டு நாள் காயவிட்டாள். சுத்த வெள்ளையை வைத்தால் வானத்தில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்ததால் வெள்ளையில் துளி மஞ்சளும் துளி சாம்பலும் கலந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டு முன்னறையின் ஜன்னலோரத்தில், ஏழு கொக்குகளை வைத்தாள். ஒவ்வொன்றும் மூன்றே இழுப்பு. திரும்பிப் போய்த் தடவவில்லை. அதற்காகக் கையை மடக்கித் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

வைத்து முடித்ததும் பார்த்தாள். மூன்றாவது கொக்குக்குக் கழுத்தில் கட்டி வந்ததுபோல் இருந்தது. கடைசி இரண்டும் கொடியிலிருந்து பறந்துபோன கைக்குட்டைகள். மற்ற நாலு பரவாயில்லை என்றும் சொல்லலாம், பரவாயில்லை என்று சொல்லாமலும் இருக்கலாம். அவளுக்கு அழுகை வந்தது. மறுநாள் விடிந்ததும் மகள் வீடு மாற்றுவதற்கு உதவியாகப் பஸ் ஏற வேண்டும். படத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் படத்தின் முன்னால் நின்றாள்.

ஏழு கொக்குகள் பறந்துகொண்டிருந்தன. மூன்றாவது கொக்கின் கழுத்து மெல்ல வளைந்து காற்றுக்குள் நுழைந்திருந்தது. கைக்குட்டைகள் இரண்டும் தூரத்தில் சிறுத்து, வானத்தோடு பாதி கரைந்து, எங்கேயோ போய்ச் சேர வேண்டிய அவசரத்தில் இருந்தன.

"என்னங்க... இதைப் பாருங்களேன்."

கணவர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார். "அட! காய்ஞ்சதும் எப்படி ஆயிடுச்சு பாரேன்."

"காய்ஞ்சா இப்படி ஆகுமா?"

"எண்ணெய் வண்ணம்னா அப்படித்தான். ஈரத்துல ஒரு மாதிரி இருக்கும். காய்ஞ்சா அடங்கிடும்."

அவள் நம்பினாள். இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் தொழிலில் எல்லாமே காயும்போது மாறுவதுதான். பிளாஸ்டர் இறுகும்போது ஒரு நூல் பெருக்கும், மெழுகு ஆறும்போது ஒரு நூல் சுருங்கும். அதோடு, சொன்னவர் முப்பது வருடம் வண்ணத்தில் கை நனைத்தவர். அவளுக்குப் பொய் சொல்ல அவருக்கு என்ன தேவை?

மறுநாள் வகுப்பில் டீச்சர் ஊசியை மேஜையில் வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த ஏழையும் நீங்க வெச்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று பல்லம்மா சொன்னாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் இரண்டு விஷயங்கள் முடிவாயின. ஒன்று, நகர மண்டபத்தில் நடக்கும் கண்காட்சிக்கு வகுப்பிலிருந்து போகும் மூன்று படங்களில் அந்த ஏரிப் படமும் ஒன்று. படத்துக்குக் கீழே சின்ன அட்டையில் அவள் பெயர் இருக்கும். இரண்டாவது, புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பறவைப் பாடத்தை அவளே எடுக்க வேண்டும்.

"என்னால முடியுமா டீச்சர்?"

"எனக்குப் பறவை சின்ன வயசுலயே வந்துடுச்சு. வராம இருந்து வந்தவங்க சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியும்."

கீழே பிரேம் கடையில் படத்தைக் கொடுத்தபோது கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு கொக்குகளைக் கிட்டத்தில் பார்த்தார். கூட வந்திருந்த கணவரையும் பார்த்தார். "ஐயா வீட்ல இருக்கும்போது உங்களுக்கு என்னம்மா குறைச்சல்?" என்று சிரித்தார். கணவரும் சிரித்தார். "நான் என்ன செஞ்சேன்? எல்லாம் என் வீட்டுக்காரி கை" என்றார். அட்டையில் பெயரையும் அவரே எழுதித் தந்தார். அவ்வளவு நல்ல எழுத்தில் தன் பெயரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

பாடத்துக்காகப் பல்லம்மா தனி நோட்டுப் போட்டாள். லேபில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, தாடை அச்சுகளுக்கு நடுவில் நோட்டை விரித்து, வலது கையால் கோழி கிளறினாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளவும். இருட்டு மலைக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு, வெளிச்ச வானத்துக்கு முன்னால் சாம்பல் கொக்கு. பல் அடுக்குவதுபோல் அடுக்க வேண்டாம். எட்டாவது குறிப்பை அவள் அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள்: 'வைத்த அன்று பிடிக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். தொடவும் வேண்டாம். நான்கு நாள் காயவிட்டுப் பாருங்கள். எண்ணெய் வண்ணம் காயும்போது அடங்கும். பறவை தானாகச் சேர்ந்துகொள்ளும்.'

இந்த எட்டாவது குறிப்பை, பாடம் தொடங்கும்வரை பொறுக்க மாட்டாமல், வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். மனம் உடைந்துபோகிறவர்களிடம் போய் அவளாகவே சொன்னாள். அவளுக்கு நடந்ததல்லவா? நடந்ததைச் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

பாடத்துக்கு முந்தின சனிக்கிழமை கண்டக்டர் ஒரு சின்னப் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"பல்லம்மா, நீங்க நாலு நாள்னீங்க. நான் பத்து நாள் காய வெச்சுட்டேன். மாடியில வெயில்லகூட வெச்சேன்." துணியைப் பிரித்தார். தென்னை மரத்துக்குமேல் கறுப்பாக ஒன்று இருந்தது. "காக்கா அன்னைக்கும் செருப்பு மாதிரி இருந்துச்சு. இன்னைக்கும் செருப்பாவேதான் இருக்கு. ஜோடிகூடச் சேரல."

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் கேட்டாள்: "யாரு அப்படிச் சொன்னா? எண்ணெய் வண்ணம் கொஞ்சம் மங்கும், மினுமினுப்பு போகும், அவ்வளவுதான். கோடு நகராது. எங்க வைக்கிறமோ அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதானே அதோட நல்ல குணம்?"

"அப்போ பல்லம்மா வீட்டுக் காத்து வேற மாதிரி போல" என்றார் கண்டக்டர்.

மறுபடி சிரித்தார்கள். இந்த முறை பல்லம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் லேபுக்குப் போய், வேலை செய்யும்போது தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். வீட்டில் யாரும் இல்லை. பிரேம் போட்டு வந்த படம் திங்கட்கிழமை மண்டபத்துக்குப் போவதற்காக முன்னறைச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலை முழுக்கத் திறந்தாள். தரையில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

முதலில் தண்ணீரைப் பார்த்தாள். சிற்றலைகள் எல்லாம் அவள் இழுத்தவை. பிரஷ் முதலில் அமுங்கும் இடத்தில் வண்ணம் தடித்து ஒரு வரப்புக் கட்டும். எடுக்கும் இடத்தில் மெலியும். இடது கைக்காரி வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் இழுப்பாள். ஒவ்வோர் அலையிலும் வரப்பு வலப்பக்கம் இருந்தது. ஒன்றுவிடாமல் பார்த்தாள்.

பிறகு கொக்குகளைப் பார்த்தாள். முதல் கொக்கின் உடம்பில் வரப்பு இடப்பக்கம். இரண்டாவது, இடப்பக்கம். ஏழும் இடப்பக்கம். ஒவ்வோர் இறக்கையின் முனையும் ஊசிபோல் கூராகி, நுனியில் ஒரு துளி மேலே எழும்பி நின்றது. மருந்துக்கடைப் பலகையில், லேப் வாசலில், தினமும் அவள் பார்க்கும் அதே வால்.

லேபில் சில சமயம் வேறு யாரோ செய்த செட் ரிப்பேருக்கு வரும். கையில் எடுத்ததுமே இது நம் வேலை இல்லை என்று தெரிந்துவிடும். அதே உணர்வுதான். ஆனால் இங்கே அட்டையில் அவள் பெயர் இருந்தது.

கணவர் காய்கறிப் பையோடு வந்தார். "என்ன, லேபை வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டியா?"

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "என்னோட ஏழு எங்க?"

"எந்த ஏழு?"

"நான் வெச்ச ஏழு கொக்கு."

"அதான் இருக்கே."

"இது வலது கைக் கொக்கு."

அவர் பையைக் கீழே வைத்தார். சிரிக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தார். அவள் முகத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

"நீ கிளம்பும்போது உன் முகத்தைப் பார்க்க முடியல. அழுதிருந்தே. மூணாவது கொக்குக்குக் கழுத்து மட்டும் கொஞ்சம்... அதை மட்டும் சரி பண்ணலாம்னுதான் எடுத்தேன். அது சரியானதும் மத்ததெல்லாம் கண்ணை உறுத்துச்சு."

"எல்லாத்தையும் துடைச்சீங்களா?"

"ஈரமாத்தானே இருந்துச்சு. டர்பன்டைன் தொட்டதும் வந்துடுச்சு."

"அந்தத் துணி எங்க?"

"எந்தத் துணி?"

"என் கொக்கைத் துடைச்ச துணி."

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "அதையெல்லாம் யாரு வெச்சிருப்பா? அன்னைக்கே குப்பையில போட்டாச்சு."

கட்டி வந்த கழுத்து, இரண்டு கைக்குட்டைகள், பரவாயில்லை என்று சொல்லியிருக்கக்கூடிய அந்த நாலு, எல்லாம் ஒரு துணியில் சாம்பல் கறையாகிக் குப்பை வண்டி ஏறிப் போயிருந்தன. அவை எவ்வளவு மோசமாக இருந்தன என்றுகூட இனி அவளால் பார்க்க முடியாது.

"காய்ஞ்சா அடங்கிடும்னு சொன்னீங்க."

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அதைக் கெடுக்க மனசு வரல."

"நாப்பது நாள் ஆச்சு. நீங்க சொன்னதை நான் வகுப்பு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். கண்டக்டர் பத்து நாளா காக்காவை வெயில்ல காய வெச்சிருக்காரு."

அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. அடக்கத்தான் பார்த்தார். ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

அவர் குனிந்து காய்கறிப் பையின் வாயைச் சரிசெய்தார்.

"பிரேம்காரருக்கு?"

"நான் சொல்லல. அவரே கண்டுபிடிச்சுட்டாரு. என் கோடு அவருக்குத் தெரியாதா?"

கடையில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. நடுவில் நின்றுகொண்டு அவளும் அல்லவா சிரித்திருந்தாள்.

"வானம் உன்னுது, மலை உன்னுது, தண்ணி உன்னுது" என்றார் அவர். குரலில் இப்போது கொஞ்சம் எரிச்சல் இருந்தது. "ஏழே ஏழு சின்ன கொக்கு. விரல் நகம் அளவு. உனக்காகத்தானே செஞ்சேன்? இதுக்குப் போய் இவ்வளவா?"

"டீச்சர் பாடம் எடுக்கச் சொன்னது வானத்துக்கு இல்ல."

படத்தின் கீழே ஒட்டியிருந்த அட்டையை அவள் நகத்தால் பிரித்தெடுத்தாள். வளைவுகள் வளைந்து, வால்கள் கூராகி, அவள் பெயர் அதில் ஜொலித்தது. அதை அவரிடம் நீட்டினாள்.

"என் பேரைக்கூட நீங்கதான் எழுதியிருக்கீங்க."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் அதைக் காய்கறிப் பையின்மேல் வைத்தாள்.

பிறகு செய்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. தன் கைப்பையிலிருந்து லேபின் சின்ன மெழுகுக் கத்தியை எடுத்தாள். படத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, மூன்றாவது கொக்கின் கழுத்துக்கு அடியில் கத்தி முனையைக் கொடுத்தாள். பல்லுக்கு நடுவில் ஒட்டிய மெழுகை எடுக்கும் அதே கைப்பக்குவம். கொக்கு எழும்பி வந்தது. வானமும் கூடவே வந்தது. பன்னிரண்டு நாள் காயவிட்ட அவளுடைய வானம், செதில் செதிலாக மடியில் விழுந்தது. அடியிலிருந்த கேன்வாஸ் நகம் அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. நாற்பது நாளில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. இன்னும் ஆறை எடுத்தால் வானம் மிஞ்சாது.

கத்தியைக் கீழே வைத்தாள். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

அன்று சாயங்காலமே டீச்சருக்குப் போன் செய்தாள்.

"படம் மண்டபத்துக்கு வரல டீச்சர்."

"ஏன், என்னாச்சு?"

"அந்தக் கொக்கு நான் வெச்சது இல்ல. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

யார் வைத்தது என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை போலும். "சரி, அந்தப் பாடத்தை நானே எடுத்துக்கறேன்" என்றாள். குரல் கனிவாகத்தான் இருந்தது. "நீங்க அவசியம் வரணும்."

நியாயம்தான். பல்லம்மாவே அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனாலும் போனை வைத்த பிறகு, தனி நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மாடிப்படி ஏறும்போது பிரேம் கடைக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "படம் மண்டபத்துக்குப் போயிடுச்சாம்மா?"

"போகல."

"ஏம்மா?"

"உங்களுக்குத் தெரியாததா?"

அவர் சட்டென்று ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மேலே புதியவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். பழையவர்களும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பாடம் தொடங்கும் முன் பல்லம்மா எழுந்து நின்றாள். பேச்சை நீட்டவில்லை.

"போன மாசம் உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொன்னேன். பிடிக்கலைன்னா காய விடுங்க, பறவை தானா சரியாகும்னு. அது தப்பு. தானா எதுவும் சரியாகாது. சரியாயிருந்தா வேற யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

"அப்போ என் செருப்பு?" என்றார் கண்டக்டர்.

"செருப்புதான். திரும்ப வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் ஊசியைக் கையில் உருட்டிக்கொண்டே பல்லம்மாவைப் பார்த்தாள். பிறகு பாடத்தை ஆரம்பித்தாள்.

பல்லம்மா பின்வரிசையில், பழைய படம் ஒன்றின் காய்ந்த வானத்தில், தன் இடது கையால் ஐந்து கொக்குகளை வைத்தாள். வலமிருந்து இடம். அமுக்கி, இழுத்து, எடுத்து. ஒன்று கொக்கு. இன்னொன்று, தூரத்திலிருந்து பார்த்தால் கொக்கு. மற்ற மூன்றுக்கும் பெயர் வைக்க முடியாது. கண்டக்டர் குனிந்து பார்த்தார். வழக்கமான கேலி வாய்வரை வந்திருக்கும். என்ன நினைத்தாரோ, "முதல் கொக்கு பறக்குதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

வகுப்பு முடிந்ததும் ஈரப் படத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவள் நேராக லேபுக்கு நடந்தாள். சனிக்கிழமை மத்தியானம் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பிளாஸ்டர் தாடைகள் காய்கிற அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தாள். படத்தை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினாள். தனி நோட்டை எடுத்து எட்டாவது குறிப்பைக் குறுக்கே அடித்தாள். அதன் கீழே, கோழி கிளறிய எழுத்தில், 'ஈரமான படத்தை வீட்டில் காய வைக்க வேண்டாம்' என்று எழுதினாள்.

வீட்டில் கணவர் ஜன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவள் படம் வைத்து வரையும் ஸ்டாண்ட் இல்லை. பிரஷ் வைத்திருந்த பாட்டிலும் இல்லை. அது நின்ற இடத்தில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிய ஏரிப் படம் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. காய்கறிப் பையின்மேல் அவள் வைத்த அட்டையை யாரோ எடுத்து அதன் பிரேமில் செருகியிருந்தார்கள்.

"இன்னைக்கு வரைஞ்சியா?" என்று கேட்டார்.

"ம்."

"எங்க?"

அவள் சமையலறைக்குள் போய்க் கைகழுவும் தொட்டியில் குழாயைத் திறந்தாள். இடது கை விரல்களில் இருந்த வெள்ளை அவ்வளவு லேசில் போகவில்லை.

"காயுது" என்றாள்.